காப்பவனுக்குக் காப்பு

இறைவனைக் குழந்தையாகவும் தன்னைத் தாயாகவும் கொண்டு வழிபடுவது பக்தி நெறிகளுள் ஒன்று. வைணவ நூல்கள் இதை வாத்சல்ய பாவம் என்கின்றன. சைதன்யரின் சீடர் ரூப கோஸ்வாமி 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய பக்திரசாமிருதசிந்து, பக்தியின் முதன்மையான நிலைகளைச் சாந்தம், தாசியம், சக்கியம், வாத்சல்யம், மதுரம் என ஐந்தாக வகுக்கிறது. வல்லபாசாரியரின் புஷ்டி மார்க்கத்தில் கண்ணனைத் துயிலெழுப்புவதும் ஊட்டுவதும் உறங்க வைப்பதுமே நாள் முழுவதும் எட்டு வேளைச் சேவையாக நடக்கின்றன. தமிழில் இந்நெறிக்கு வயது இன்னும் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் 8–9ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே யசோதையின் இடத்தில் நின்று கண்ணனின் பிள்ளைப் பருவத்தைக் குளியல், பால், தொட்டில், தளர்நடை என்று ஒவ்வொன்றாகப் பாடிவிட்டார்.

இந்நெறி ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. சமயங்கள் பொதுவாகச் சொல்வது, காப்பவன் இறைவன், காக்கப்படுவது உயிர் என்பதே. கைக்குழந்தையோ தன் தலையைக்கூடத் தானே நிறுத்த முடியாதது. பசித்தால் அழுவதன்றி வேறு வழியறியாதது. எல்லாம் வல்லவனை இப்படி ஒரு நிலையில் வைத்துப் பார்ப்பது அறியாமையா, வெறும் கற்பனையா, அல்லது வேறு வழியால் எட்ட முடியாத ஓர் உண்மை அதில் உண்டா? பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் அன்றாட வேலைகளைச் சமயம் எவ்வளவு மதிக்கிறது என்பதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

பல்லாண்டும் தட்டு மாறிய உறவும்

கேள்வி முதலில் எழுந்த இடம் பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு. பாண்டியன் வல்லபதேவனின் மதுரை அவையில் திருமாலே பரம்பொருள் என்று நிலைநாட்டிப் பொற்கிழி பெற்ற விஷ்ணுசித்தர் (பெரியாழ்வாரின் இயற்பெயர்), யானைமீது ஊர்வலம் வருகிறார். பெருமாள் கருடன்மேல் தேவியோடு வானில் காட்சி தருகிறார். அந்த நேரத்தில் எவரும் வரம் கேட்பார்கள். ஆழ்வார் வரம் கேட்கவில்லை. இத்தனை அழகோடு எல்லோர் கண்ணிலும் படும்படி வந்துவிட்டானே, கண்ணேறு பட்டுவிடுமே என்று பதறினார். யானையின் மணியையே தாளமாகக் கொண்டு பெருமாளுக்குப் பல்லாண்டு பாடினார். வைணவ குருபரம்பரை சொல்லும் வரலாறு இது. மற்ற ஆழ்வார்களுக்கு இல்லாத 'பெரிய' என்ற அடைமொழி இவருக்கு வந்தது இந்தப் பரிவால்தான் என்று மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் விளக்குகிறார்.

வாழ்த்துவது பெரியவர் செயல். சிறியவன் பெரியவனை வாழ்த்தலாமா? திருவரங்கத்துப் பிள்ளை உலகாசிரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இக்கேள்வியை நேரடியாக எடுத்துக்கொள்கிறார். அறிவின் நிலையில் நிற்கும்போது, காப்பவன் அவன், காக்கப்படுபவன் தான் என்ற முறை அதனதன் இடத்தில் இருக்கும். அன்பின் நிலையில் அது தட்டு மாறிவிடும் என்பது அவர் தரும் விடை. இரண்டில் ஒன்று பொய், மற்றது மெய் என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை. அன்பு முற்றிய நெஞ்சுக்கு, அன்பு செய்யப்படுபவனின் வலிமை கண்ணில் படாது. அவனது மென்மை மட்டுமே படும். மல்லரைக் கொன்றவன் என்று தெரிந்தும், அந்தத் தோள்களுக்கு என்ன ஆகுமோ என்றே ஆழ்வார் அஞ்சுகிறார்.

இந்த விடையின் ஆழம் வேண்டிக் கேட்பதைப் பற்றியது. அடியவன் ஆண்டவனிடம் கேட்கிறான். நண்பன் துணையை எதிர்பார்க்கிறான். காதலி கூடலை வேண்டுகிறாள். கைக்குழந்தையிடம் எதையும் கேட்க முடியாது. அதற்குக் கொடுக்க மட்டுமே முடியும். இறைவனைக் குழந்தையாகக் கொள்வதன் பொருள், அவனிடமிருந்து எதையும் பெறவேண்டாத நிலைக்கு அன்பு போய்ச் சேர்ந்தது என்பதே. இறைவன் சிறியவனாவது இங்கே அவனுக்கு நேரும் குறை அன்று. பக்தனின் வேண்டுதல்கள் உதிர்ந்துபோவதற்கு அது வழி.

தொட்டிலும் மஞ்சளும் ஐம்படையும்

பெரியாழ்வாரின் பாசுரங்களில் இந்தக் கருத்து தத்துவமாகப் பேசப்படுவதில்லை. பிள்ளை வளர்க்கும் வீட்டுப் பொருள்களாகவே வருகிறது. திருக்கோட்டியூரில் கண்ணன் பிறந்ததாகப் பாடும் முதல் திருமொழியில், அதாவது முதல் பதிகத்தில், ஆயர்கள் ஒருவர்மேல் ஒருவர் எண்ணெயும் சுண்ணப்பொடியும் வீசியதில் முற்றம் சேறாகிவிடுகிறது. தாலாட்டுத் திருமொழியில் தேவர்கள் பிள்ளை பார்க்க வருகிறவர்களைப்போல ஆளுக்கொரு சீர் அனுப்புகிறார்கள். பிரமன் மாணிக்கமும் வயிரமும் பதித்த பொன் தொட்டிலும், சிவபெருமான் இடுப்பில் கட்டும் மணிக்கோவையும், இந்திரன் கிண்கிணியும், வருணன் முத்தாரமும் பவளமும், திருமகள் துழாய்க் கண்ணியும் அனுப்புகிறார்கள். துர்க்கை கொண்டுவருவது உடம்பில் பூசும் நறும்பொடி, மஞ்சள், கண்ணுக்கு மை, சிந்தூரம். விண்ணுலகமே திரண்டு வந்தாலும் அது கொண்டுவருவது பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தேவையான சாமான்களைத்தான்.

அந்தச் சீர்வரிசையில் குபேரன் அனுப்பும் ஐம்படை தனியே கவனிக்கத்தக்கது. சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்ற திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சிறு வடிவில் செய்து, காப்புத் தாலியாகக் குழந்தைகளுக்கு அணிவிக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. பிள்ளைகளுக்குத் தாலி கட்டும் பழக்கம் சங்க காலத்தது. புறநானூற்றின் 77ஆம் பாடல், போர்க்களம் புகுந்த தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் சிறுபிள்ளைத் தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை என்று வியக்கிறது. பெரியாழ்வாரின் கண்ணனுக்கு அதே ஐம்படை பூட்டப்படுகிறது. ஆயுதங்களின் உரிமையாளனுக்கே அவற்றின் சிறு உருவங்கள் காப்பாகின்றன. தட்டு மாறிய உறவு இங்கே கழுத்தில் தொங்கும் நகையாகிவிட்டது.

தொடர்ந்து வரும் திருமொழிகளும் இப்படித்தான். எண்ணெயும் புளிப்பழமும் எடுத்துவைத்துக்கொண்டு, குளிக்க வராத பிள்ளைக்காகத் தாய் காத்திருக்கிறாள். சிற்றுண்டி தருவதாக ஆசை காட்டி அழைக்கிறாள். தலைவார வரும்படி காக்கையைக் கூப்பிட்டு விளையாட்டுக் காட்டுகிறாள். பன்னிரண்டு திருநாமங்களைச் சொல்லிச் சொல்லிக் காது குத்துகிறாள். திருவெள்ளறையில் அந்தி மயங்கும் வேளையில் வெளியே நிற்கும் பிள்ளையைக் காப்பிட வா என்கிறாள். இன்றும் வசம்பு வளையலும் அரைஞாண் கயிறும் கட்டி, பொழுது சாய்ந்ததும் திருஷ்டி சுற்றிப் போடும் வீடுகளுக்கு இதில் எதுவும் புதிதல்ல. அதனாலேயே இப்பாசுரங்கள் வழிபாட்டைக் கோயிலிலிருந்து வீட்டின் பின்கட்டு வரை கொண்டுவந்துவிடுகின்றன.

மாதங்களின் கணக்கு

பெரியாழ்வார் தொடங்கிய முறை பின்னர்ப் பிள்ளைத்தமிழ் என்ற தனிச் சிற்றிலக்கியமாக வளர்ந்தது. கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களில் பழமையானது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். இவ்விலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன எஞ்சிய மூன்று. பெண்பாலுக்குக் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அம்மானை, நீராடல், ஊசல் என்று அமைக்கிறது.

மாதக் கணக்கில், சிற்றிலக்கிய இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்களுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டு. பொதுவாக ஐந்தாம் மாதத்தை ஒட்டிச் செங்கீரை: குழந்தை குப்புற விழுந்து, கையூன்றி, தலை நிமிர்த்தி இருபுறமும் ஆடுவது. ஒன்பதாம் மாதத்தை ஒட்டிச் சப்பாணி: உட்கார்ந்து இரு கையும் சேர்த்துத் தட்டுவது. ஓராண்டை ஒட்டி வருகை: தளர்நடை நடந்து தாயிடம் வருவது. பிறகு நிலவைக் காட்டிப் பேசும் அம்புலி. பல தலைமுறைத் தாய்மார் கூர்ந்து பார்த்துச் சேர்த்துவைத்த அறிவு இது. குழந்தை மருத்துவம் இன்று தரும் வளர்ச்சி அட்டவணையோடு இந்த வரிசை பெரிதும் ஒத்துப்போகிறது.

அட்டவணை எப்போதும் ஒரு வீச்சைத்தான் சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள்ளும், தனியே நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள்ளும் நிகழலாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முழந்தாளிட்டுத் தவழாமலேயே நடக்கத் தொடங்கிவிட்டன. பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டதே என்று கலங்கும் தாய்க்கு இந்த எண்கள் ஆறுதல். சமய வரலாற்றிலும் இதற்கு ஒரு துணைச் சான்று உண்டு. மீனாட்சியம்மையின் மழலையையும் தளர்நடையையும் பாடிய குமரகுருபரர், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து ஐந்து வயது வரை பேசாமல் இருந்தவர் என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்றபின் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது.

பருவங்களைப் பாடுவதில் ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. இறைவன் மாறாதவன், காலத்துக்கு அப்பாற்பட்டவன். மாறாதவனுக்கு ஐந்தாம் மாதம் ஏது, ஒன்பதாம் மாதம் ஏது? பிள்ளைத்தமிழ் இதற்கு விளக்கம் எழுதவில்லை. செயலால் விடை தருகிறது. எல்லையற்றதை மொத்தமாக அறிய மனித மனத்துக்கு இயலாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அது முழுக் கவனத்தோடு பார்க்க முடியும். தாய் குழந்தையைப் பார்ப்பது அப்படித்தான். இன்று முளைத்த ஒரு பல், இன்று திரும்பிய ஒரு தலை, அன்றைய நாள் முழுவதற்கும் அவளுக்குப் போதும். செக்கர் வானத்தில் இளம்பிறை தோன்றுவதுபோலச் சிவந்த வாயில் பல் முளைத்ததைப் பெரியாழ்வார் பாடும்போது, எங்கும் நிறைந்தவனை அறிய ஒரு பல்லே இடமாகிறது. வளர்ச்சி இறைவனுக்குத் தேவையில்லை. அவனைச் சிறிது சிறிதாகக் கண்டு கொள்ளும் உயிருக்குத்தான் தேவை.

அறிவு குறுக்கிடும் இடம்

தாயன்பு, குழந்தை யார் என்பதை மறந்திருப்பதால்தான் நிற்கிறதா? மறதி நீங்கினால் என்னவாகும்? பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், மண் தின்றானா என்று பார்க்க வாய் திறக்கச் சொன்ன யசோதை அதில் பிரபஞ்சம் முழுவதையும் காண்கிறாள். அவள் உண்மையை உணரத் தொடங்கிய கணமே இறைவனின் மாயை அவளை மூட, பிள்ளையை மீண்டும் மடியில் எடுத்துக்கொள்கிறாள். பெரியாழ்வார் அதே காட்சியைப் பச்சிளங் குழந்தையின் குளியலில் வைக்கிறார். தாய் பிள்ளையின் கைகால்களை நீட்டி நிமிர்த்தி, கடாரத்து நீரை மெல்ல ஊற்றிக் குளிப்பாட்டுகிறாள். பசுமஞ்சளால் நாக்கு வழிக்கிறாள். அதற்காகப் பிள்ளை வாய் அங்காக்கும்போது ஏழுலகும் தெரிகின்றன. இந்தப் பேரறிவு தியானத்திலோ வேள்வியிலோ வரவில்லை. நாக்கு வழிக்கும் வேலையின் நடுவில் வந்தது. வேலை நின்றுவிடவும் இல்லை. அடுத்த பாசுரங்களில் பன்னிரண்டாம் நாள் விழா நடக்கிறது.

இன்னொரு திருமொழியில் பெரியாழ்வார் சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறார். பிள்ளையின் செயல்களைப் பார்த்துப் பார்த்து, நீ யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இனி உனக்குப் பால் தர அஞ்சுகிறேன் என்று தாய் சொல்கிறாள். அறிவு வந்ததும் பால் நிற்கப் பார்க்கிறது. இறைவனின் பெருமையை மட்டும் அறிந்தவர் அவனை நெருங்க முடியாது என்பதைத் தமிழ்ப் பக்தி இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன இடம் வேறு அரிது. பால் கொடுக்க வேண்டுமானால் அச்சம் விலக வேண்டும். அச்சம் விலகுவதற்காகவே இறைவன் குழந்தையாகிறான் என்று கொள்வது இப்பாசுரங்களின் போக்கோடு பொருந்துகிறது.

தேவகி இழந்தவை

அறிவுக்கும் அன்புக்கும் இடையிலான இந்த வழக்கைக் குலசேகர ஆழ்வார் இரு தாய்மாரை வைத்துத் தீர்க்கிறார். பாகவதத்தின்படி, சிறையில் கண்ணன் பிறந்தபோதே சங்கு சக்கரம் ஏந்திய நான்கு கைகளோடு தேவகிக்குக் காட்சி தந்தான். அவன் யார் என்பதை அவள் தொடக்கத்திலேயே அறிந்தாள். அன்றிரவே குழந்தை ஆய்ப்பாடிக்குப் போய்விட்டது. அறிவு தேவகிக்கு, குழந்தைமை யசோதைக்கு என்று பங்கு பிரிந்தது.

அவரது பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகம் தேவகியின் புலம்பல். தனக்குக் கிடைக்காமற் போனவற்றை அவள் ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். தாலாட்டுப் பாடவில்லை. பால் குடிக்கும்போது இடையிடையே சிரித்து, தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் பார்வை தனக்கு வாய்க்கவில்லை. கையில் அள்ளி இறைத்து உண்ட சோற்றின் மிச்சத்தைத் தின்னக் கிடைக்கவில்லை. உன் அப்பன் யார் என்று உறவினர் கேட்க, குழந்தை விரலாலும் கடைக்கண்ணாலும் காட்டுவது நந்தனை. வசுதேவனுக்கு அந்தப் பேறு இல்லை. வளர்ச்சிப் படிகளைக் கண்கூடாகக் காணாமல் பிரிந்திருந்த எந்தத் தாய்க்கும் இந்தப் பட்டியல் புரியும். வெண்ணெய் அளைந்த கையோடு அழுது நின்ற பிள்ளையைக் கண்ட யசோதையே இன்பத்தின் எல்லையைக் கண்டவள் என்று தேவகி முடிவு சொல்கிறாள். பரம்பொருளை நான்கு கைகளோடு நேரில் கண்டவள் தரும் தீர்ப்பு இது என்பதால் அதன் எடை அதிகம்.

பிறவாதவனும் தாயாக வந்தவனும்

இந்நெறிக்கு ஓர் எல்லையும் மரபில் உண்டு. முருகனுக்கும் அம்மைக்கும் பிள்ளைத்தமிழ் பல உண்டு. சிவபெருமானுக்குப் பாடும் மரபு இல்லை. சிவன் பிறப்பில்லாதவன் என்ற சைவக் கொள்கையே அதற்குக் காரணம். பிறவாதவனுக்குத் தொட்டில் கட்ட முடியாது. ஆனால் சைவம் தாய்–சேய் உறவை விட்டுவிடவில்லை, திசையை மாற்றிக்கொண்டது. சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுச் சம்பந்தருக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டினாள். திருச்சிராப்பள்ளியில், காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத இரத்தினாவதி என்ற கர்ப்பிணிக்குச் சிவபெருமானே அவள் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது தாயுமானவர் தலபுராணம். பிள்ளைப்பேற்றுக்குத் துணை நிற்கும் பெண்ணின் வேலையை இறைவனே மேற்கொண்டதாக ஒரு கோயில் தன் மூலவருக்குப் பெயரிட்டிருக்கிறது. பிறப்பற்ற அதே இறைவன் காரைக்காலம்மையாரை அம்மையே என்று அழைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. தாயில்லாதவன் தாயாகத் தேர்ந்து அழைத்தவர் அவர்.

பிற சமயத்தாரும் இந்த வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டனர். நபிகள் நாயகம்மீதும் இயேசுபிரான்மீதும் பிள்ளைத்தமிழ் நூல்கள் உள்ளன. இஸ்லாத்தில் நபி இறைத்தூதர், இறைவன் அல்லர். கிறித்துவத்தில் மாட்டுத் தொழுவத்துப் பாலன் மனிதனான இறைமகன். கொள்கைகள் வெவ்வேறாக இருந்தும், வணங்கத்தக்கவரை மடியில் ஏந்திப் பார்க்கும் ஏக்கம் மூன்றிடத்தும் ஒரே இலக்கிய வடிவத்தைத் தேடி வந்திருக்கிறது.

தாயின் உழைப்பும் வழிபாடும்

இந்நெறிமீது இரண்டு நியாயமான குறைகளைச் சொல்லலாம். முதலாவது, இதைப் பாடியோரில் பெரும்பாலோர் ஆண்கள், குமரகுருபரர் துறவி. தாய்மையின் இனிமையை அவர்கள் எடுத்துக்கொண்டு களைப்பை விட்டுவிட்டார்களோ என்று தோன்றலாம். பெரியாழ்வாரைப் பொறுத்தவரை இக்குறை நிற்காது. ஏழுலகைக் கண்ட அதே திருமொழியில் யசோதை தன் தோழியிடம் முறையிடுகிறாள்: தொட்டிலில் போட்டால் கிழியும்படி உதைக்கிறான், இடுப்பில் வைத்தால் இடுப்பை ஒடிக்கிறான், இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், தாங்கும் வலுவில்லாமல் நான் மெலிந்து போனேன். பிரசவித்து இரண்டு வாரம்கூட ஆகாத, நன்றாக உறங்காத உடம்பின் பேச்சு இது. ஆழ்வார் அதை மறைக்கவும் இல்லை, பக்திக் குறையாகக் கருதவும் இல்லை.

இரண்டாவது குறை கனமானது. பாசுரங்களில் உச்ச நிலை பெறும் இந்தத் தாயை வழக்கம் வேறுவிதமாக நடத்துகிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தீட்டு. பெற்றவள் பூசையறைப் பக்கம் போகவோ கோயில் வாசல் மிதிக்கவோ பல வீடுகளில் முப்பது, நாற்பது நாள் ஆகிறது. அந்த நாள்களின் ஓய்வு உடல் தேறவும் தொற்றைத் தவிர்க்கவும் உதவும். ஆனால் அவள் வழிபாட்டுக்கு வெளியே நிற்கிறாள் என்ற எண்ணத்துக்குப் பெரியாழ்வார் இடம் தரவில்லை. அவர் வழிபாடாகப் பாடிய குளியலும் நாக்கு வழித்தலும் பன்னிரண்டு நாளுக்குட்பட்டவை. தீட்டு என்று விலக்கப்படும் அதே நாள்களுக்கு உரியவை. பாசுரத்தைக் கோயிலில் ஓதிக்கொண்டே, அந்தப் பாசுரத்தின் நாயகியை நடைவாசலுக்கு வெளியே நிறுத்துவது மரபுக்குள்ளேயே இருக்கும் முரண்பாடு. அதைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு இப்பாசுரங்களை மதிப்போருக்கே அதிகம்.

தாயன்பின் முன் இறைவன் எந்த அளவுக்கு இணங்குகிறான் என்பதற்குப் பாகவதம் ஒரு நிகழ்ச்சியைத் தருகிறது. குறும்பு செய்த கண்ணனை உரலில் கட்ட யசோதை கயிறு எடுக்கிறாள். எத்தனை கயிறு முடிந்தாலும் இரண்டு விரற்கடை குறைகிறது. வியர்த்து, தலைப்பூ உதிர்ந்து, அவள் களைத்து நிற்பதைப் பார்த்தபின்தான் அவன் கட்டுப்படுகிறான். கயிற்றின் நீளம் எல்லையற்றவனைக் கட்டவில்லை. தாயின் களைப்பு கட்டியது. காப்பவனுக்குக் காப்பிட முடியுமா என்ற கேள்விக்கு இந்நெறி தரும் விடை இதிலேயே முழுமை பெறுகிறது. இறைவனுக்குக் காவல் தேவையில்லை என்பது அறிவுக்குத் தெரியும். காவல் செய்யாமல் அன்பால் இருக்க முடியாது. அந்த அன்புக்காக அவன் காவலுக்கு உட்படுகிறான். இந்த உறவைப் பாட ஆழ்வார்கள் முன்மாதிரி தேடிச் சென்றது முனிவரிடமோ அரசரிடமோ அல்ல. இரவெல்லாம் விழித்துப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண்ணிடம்.